பாணா, கடை இடியப்பமா, வீட்டுப் புட்டா?

இருவரும் வேலைக்குப் போகிற வீடு எங்களுடையது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏழரைக்கு. திருகோணமலை உவர்மலையிலிருந்து ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும். அதற்குள் அடங்குகிற மூன்று காலைச் சாப்பாடுகளை மாறி மாறிப் பார்த்துவிட்டோம்.

நேரத்தில் பாணை எதுவும் வெல்லாது, வாசலுக்கே ஆட்டோவில் வந்துவிடும். ஆனால் வெள்ளைக் கோதுமை மாவில் தவிடு இல்லை. மாஜரீனும் சீனியும் வைத்துக் கொடுத்தால் இடைவேளைக்கு முன்பே பிள்ளைக்குப் பசிக்கும். முதல்நாள் பருப்புக்கறி மிஞ்சியிருந்தால் மட்டும் எனக்குச் சம்மதம்.

கடை இடியப்பம் வாங்குவதைக் குறையாக நினைக்க வேண்டாம். சிவப்பரிசி மாவில் அவித்ததாகக் கேட்டு வாங்குங்கள். கவனிக்க வேண்டியது கூடவே வரும் சம்பலும் சொதியும்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைச் சம்பலில் எவ்வளவு உப்பு என்று யாருக்குத் தெரியும்? சொதியை வீட்டில் வையுங்கள், பத்து நிமிட வேலை. வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு கைப்பிடி முருங்கையிலை, தேங்காய்ப்பால். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. அந்தப் புளி இலையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். தேத்தண்ணீரைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

என் மனம் புட்டுப் பக்கம். சிவப்பரிசி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா சேர்ப்பேன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, அரிசி கிட்டவும் வராது. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக்காம்பால் கிளறி, அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்த வேண்டும். மா குறுணி குறுணியாக உதிர்கிற இடத்தில் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தால், எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். முதல்நாள் இரவு வைத்த சூடைமீன் குழம்பு இருந்தால் வேறொன்றும் வேண்டாம், முள்ளும் மெத்தென்றிருக்கும்.

ஆனால் மாவை வறுத்து அரித்து வைக்க ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போகும். நேரமில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது, உண்மையில் எனக்கு நேரமில்லை என்பதைத்தான். இப்போது மா வறுப்பது என் கணவருடைய வேலை. கிழமைக்கு இரண்டு நாள் புட்டு, மிச்ச நாள் இடியப்பம்.