உப்புக் காற்றுக்கு எந்தச் சட்டை: காட்டனா, பாலிகாட்டனா, லினனா?

ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் சட்டைத்துணி கவுண்டரில் நின்றவன் நான். சேர்ந்த புதிதில், மண்டபத்திலிருந்து வந்த ஒரு விசைப்படகுக்காரருக்கு நல்ல காட்டனாக எடுத்து விரித்துப் போட்டேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இது கடல்ல நனைஞ்சா அன்னைக்குப் பூரா காயாது. உப்பும் ஈரமுமா கக்கத்துல அறுத்துப் புண்ணாக்கிரும். பாலியஸ்டர் இருந்தா எடு, இல்லாட்டி விடு" என்றார். காட்டன் உசத்தி, பாலியஸ்டர் மட்டம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம் அன்றைக்கே ஆட்டம் கண்டது.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. 100 கிராம் பருத்தி நூல், கைக்குக் காய்ந்ததாகத் தெரியும்போதே 8 கிராம் சொச்சம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். லினன் 12 கிராம் வரை போகும். பாலியஸ்டரில் அரை கிராம்கூட இருக்காது. வியர்வையை உறிஞ்சுவதில் காட்டனுக்கு இருக்கிற அதே குணம்தான் படகில் அதற்கு எதிரி. போதாததற்கு, துணியில் தங்கிய கடலுப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். ராத்திரி மொட்டைமாடிக் கொடியில் விட்ட சட்டை காலையில் பிசுபிசுவென்று இருக்கிறதே, அதுதான். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தொழிலுக்குப் போகிற பையன்கள் பந்து விளையாடுகிறவன் மாதிரி ஜெர்சி பனியனோடு திரிவதை ஸ்டைல் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உதறினால் பாதி காய்ந்துவிடும், அவர்களுக்கு அது போதும்.

ஆக, கடலுக்குள் பாலியஸ்டர். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அடுப்புப் பக்கம் அது ஆகாது. காட்டனில் நெருப்பு பட்டால் கருகும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மீன் பொரிக்கிற கடையில் நிற்பவர்கள் மலிவாக இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம்.

கரையில் நிற்பவருக்கு

கரைக்கு வந்தால் நியாயம் தலைகீழ். ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம், பஸ் பயணம் என்று இருக்கிறவருக்குச் சண்டை காட்டனுக்கும், பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பாலிகாட்டனுக்கும்தான்.

பாலிகாட்டனுக்காகச் சொல்ல நிறைய உண்டு. பழைய ஆட்கள் இன்னும் டெரிகாட்டன் என்றுதான் கேட்பார்கள். சுருங்காது, இஸ்திரி நிற்கும், சாயம் சட்டென்று வெளுக்காது, விலையும் கம்மி. வாடைக்காலத்தில் காட்டன் இரண்டு நாள் கொடியில் தொங்கும்போது இது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் ராமேஸ்வரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பாருங்கள், முதுகில் ஒட்டிக்கொண்டு உரிக்க வேண்டியிருக்கும். இன்னொரு குறை, பாலியஸ்டர் இழை உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் துவைத்துப் போட்ட சட்டையிலும் வெயில் ஏறினதும் பழைய நாற்றம் வரும். அப்புறம் அந்தக் குட்டிக் குட்டி உருண்டைகள். காலரிலும், பை உரசுகிற இடத்திலும் வரும். காட்டனிலும் உருளும், ஆனால் இழை பலவீனமாக இருப்பதால் உருண்டை உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்தால் அந்த உரமான இழை உருண்டையைக் கெட்டியாகப் பிடித்துத் தொங்கவிடும்.

வருஷம் முழுக்க ஒரே மாதிரிச் சட்டைதான் போடுவேன் என்றால் என் ஓட்டு காட்டனுக்கு. யூனிபாரம் மாதிரி தினம் துவைத்துத் தினம் போட வேண்டும், இஸ்திரி போட நேரமில்லை என்றால் பாலிகாட்டன் எடுப்பதில் தப்பே இல்லை. அப்படி எடுக்கும்போது பருத்தி பாதிக்கு மேல் இருக்கிறதா என்று உள்பக்கச் சீட்டில் பாருங்கள். கவுண்டரில் எதைக் கேட்டாலும் "காட்டன்தான் சார்" என்று பதில் வரும். நானும் சொல்லியிருக்கிறேன்.

சீட்டே இல்லாத துணியா? ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு உருகும், ஆறினதும் கறுப்பாகக் கடுகு மாதிரி கெட்டியாக நிற்கும். இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் அந்தக் கடுகு நறநறக்கும்.

ரேயான் சட்டை பூப்போட்டு வழுவழுவென்று மலிவாக வருகிறது. நனைந்தால் அந்த நூலின் பலம் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். அடித்துத் துவைக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

60 என்றால் எந்த 60?

லினன் இப்போது எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற சபுராளிகள் ஊருக்கு வரும்போது கீழக்கரையில் ஒரே லினன் மயம்தான். குளிர்ச்சியில் அதை அடிக்க வேறு துணி கிடையாது, உண்மை. கசங்குவதிலும் கிடையாது. வீட்டில் இஸ்திரி போட்டுக் கிளம்பி ஏர்வாடி போய் இறங்குவதற்குள் சுருட்டிவைத்த பாய் மாதிரி ஆகிவிடும். அதை அழகு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் வாங்கலாம்.

விற்கிறவர் சொல்லாத ஒன்று உண்டு. "இதுவும் 60, அதுவும் 60" என்று காட்டனையும் லினனையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டும் வேறு வேறு 60. காட்டனில் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளச் சிட்டம் (சுற்றிவைத்த நூல் கட்டு) எத்தனை என்ற கணக்கு. 60 கவுண்ட் நூலை ஒரு பவுண்டு எடுத்து நீட்டினால் 46 கிலோமீட்டர் வரும். ராமநாதபுரத்தில் பிடித்தால் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிடும். லினனில் சொல்வது லீ, அதற்குச் சிட்டம் 300 கெஜம்தான். அதே ஒரு பவுண்டு 60 லீ நூல் 16 கிலோமீட்டர் சொச்சத்தில், உச்சிப்புளிப் பக்கமே முடிந்துவிடும். அதாவது காட்டன் கணக்கில் அது வெறும் 21 கவுண்ட், அவ்வளவு தடித்த நூல். லினன் முரட்டுத்தனமாக, ஓட்டை ஓட்டையாக இருப்பதும் காற்று உள்ளே வருவதும் இதனால்தான்.

எரித்துப் பார்க்கிற வித்தை லினனிடம் பலிக்காது, அதுவும் காகிதம் மாதிரிதான் எரியும். நூலில் அங்கங்கே தடித்து மெலிந்து முடிச்சு முடிச்சாக இருக்கும் என்பார்கள். அதையும் பருத்தியிலேயே நூற்று "லினன் ஃபினிஷ்" என்று விற்கிறார்கள். நானே ஒரு தடவை, வேறொரு ஊரில், லினன் விலை கொடுத்து அப்படி ஒன்றை வாங்கி வந்தேன். துணிக்கடையில் நின்றவன்! சீட்டில் 100 சதவீதம் லினன் என்று தெளிவாக இருந்தால் ஒழிய அந்த விலை கொடுக்காதீர்கள்.

தினசரிக் காட்டனுக்கு 60 கவுண்ட் பாப்ளின் (நெருக்கமாக நெய்த சட்டைத்துணி) இந்தக் கரைக்குப் பொருத்தம் என்பது என் அனுபவம். 40 என்றால் உழைக்கும், கொஞ்சம் கனம். 2/100 என்று எழுதியிருந்தால் 100 கவுண்ட் நூல் இரண்டை முறுக்கி நெய்தது. பளபளப்பு உண்டு, விலையும் உண்டு. வெறும் 100 என்று மட்டும் சொன்னால் அது ஒற்றை நூலா இரட்டையா என்று கேளுங்கள். சுருக்கமே விழாத காட்டன் என்று ஒன்று வருகிறது. அதற்குப் பூசுகிற ரெசின் என்கிற பிசின் சுருக்கத்தோடு சேர்த்து நூலின் பலத்தையும் குறைக்கும். காலர் மடிப்பில் முதலில் விட்டுப்போகும்.

40 என்பது நெஞ்சா, கழுத்தா?

கவுண்டரில் நான் பார்த்த சண்டைகளில் பாதி இதற்குத்தான். ஒருவர் நெஞ்சளவு 40 அங்குலம் என்று 40 சட்டை எடுத்துப்போவார், மறுநாள் திரும்ப வருவார். கம்பெனிச் சட்டையில் 39, 40, 42, 44 என்று போடுவது பெரும்பாலும் கழுத்துச் சுற்று, அதுவும் சென்டிமீட்டரில். 40 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட பதினைந்தே முக்கால் அங்குலம். கெட்ட நேரத்துக்கு இந்த எண்களும் ஆண்களின் நெஞ்சு அங்குலமும் ஒரே வரிசையில் வந்துவிடுகின்றன, அதனால் பல பேருக்குத் தற்செயலாகப் பொருந்தியும் போகும். பொருந்தாதவர் கடைக்காரனைத் திட்டுவார். எம், எல், எக்ஸ்எல் இன்னும் மோசம், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. துபாயிலிருந்து மச்சான் வாங்கி அனுப்பிய எல், இங்கே வாங்குகிற எல்லைவிடப் பெரிதாக இருப்பது அடிக்கடி நடக்கிற கதை.

எண்ணை விடுங்கள், டேப்பை எடுங்கள். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டையைப் பட்டன் போட்டு மேஜையில் விரித்து, கக்கத்துக்குக் கக்கம் அளந்து இரண்டால் பெருக்கினால் சட்டையின் சுற்று. சாதாரணத் தையலில் அது உங்கள் நெஞ்சைவிட 4 முதல் 6 அங்குலம் அதிகம் இருக்கும். உடம்போடு ஒட்டிய ஸ்லிம் சட்டையில் 3 அங்குலம்தான் இருக்கும், இந்த வெக்கைக்கு அது தண்டனை. ஷோல்டர் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். காலர் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொளதொள வயிற்றை எந்த டெய்லரும் பிடித்துக் கொடுப்பார், ஷோல்டர் தப்பினால் அவ்வளவுதான்.

டெய்லரா, ரெடிமேடா?

கட்டம் போட்ட ரெடிமேட் சட்டை என்றால் பைக்கட்டம் நெஞ்சுக் கட்டத்தோடு ஒன்றுகிறதா என்று முதலில் பார்ப்பேன். அதில் கை சுருக்காதவன் மற்றதிலும் சுருக்கியிருக்க மாட்டான். அப்புறம் காஜா. உள்பக்கம் திருப்பி நூல் சிலும்பி நிற்கிறதா என்று பாருங்கள். காலரை விரலால் வளைத்துவிட்டால் மடிப்புத் தடம் இல்லாமல் திரும்ப வேண்டும். மட்டமான ஒட்டுக் கேன்வாஸ் போட்ட காலர் நாலு துவையலில் கொப்புளம் விடும், இஸ்திரி போடப் போட இன்னும் பெருகும்.

டெய்லரிடம் போகிறீர்களா, பன்னாவை, அதாவது துணி எத்தனை அங்குல அகலம் என்பதை, கேட்டுவிட்டுத் துணி கிழியுங்கள். முழுக்கைச் சட்டைக்கு 36 பன்னாவில் இரண்டேகால் மீட்டர், ஆள் பெரிது என்றால் இரண்டரை. 58 பன்னாவில் 1.60 மீட்டர் போதும். மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டு 36 பன்னா மலிவு என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. மொத்தத்தைக் கணக்குப் போட்டால் பல சமயம் இரண்டும் ஒன்றுதான்.

முன்கூட்டியே சுருக்காத காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 44 அங்குலச் சுற்றில் 5 சதவீதம் என்றால் 2 அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். ரெடிமேடில் இந்த வசதி இல்லை. கூலியையும் சேர்த்தால் டெய்லர் சட்டை நடுத்தர ரெடிமேடைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் டெய்லர் சொல்கிற தேதியை நம்ப முடியாது என்பதும் உண்டு. இருந்தாலும் வயிறு முன்னால் தள்ளியவர், கை நீளமானவர், தோள் ஒரு பக்கம் சரிந்தவர் எல்லோருக்கும் டெய்லர்தான். எனக்கு இந்த மூன்றில் இரண்டு பொருந்தும்.

வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து படிந்து சட்டை மங்கிப்போகும். அதற்குமேல் நீலம் போட்டால் ஊதாவாகத்தான் ஆகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிக்க வருகிற காவிரித் தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்குங்கள்.

அடுத்த மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணம். லினன் எடுக்கச் சொல்லி வீட்டில் ஒரே பிடிவாதம். நான் 60 கவுண்ட் வெள்ளைக் காட்டன், 36 பன்னாவில் இரண்டரை மீட்டர் கிழித்து வந்து வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். வெளியே வாடை அடிக்கிறது. நாளைக்குள் காய்ந்தால் டெய்லர் கடைக்குப் போகும்.