கேம்பாயா, ட்ராக்கரா? குன்னூர் ஈரத்தில் ஒரு சிப்டியூன் கணக்கு

சென்ற ஐப்பசி அடைமழையில் பதினோரு பாட்டுகளை இழந்தேன். திருடு போகவில்லை, கீழே விழுந்து உடையவும் இல்லை. பத்து நாள் அலமாரியில் கிடந்த கேம்பாயை, அந்தக் கையடக்க வீடியோ கேம் கருவியை, எடுத்து இயக்கினேன். பாட்டுப் பட்டியல் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. சிப்டியூன், அதாவது பழைய விளையாட்டுக் கருவிகளின் ஒலிச் சில்லில் பிறக்கும் இசை, செய்ய உண்மையான கேம்பாய் நல்லதா, மடிக்கணினியில் வரிவரியாகச் சுரங்களை எழுத வைக்கும் ட்ராக்கர் மென்பொருள் நல்லதா என்று இரண்டு வருடங்களாக நண்பர்களோடு அடித்துக்கொண்டிருந்த வழக்குக்கு அன்றைக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. நான் ட்ராக்கர் பக்கம் சாய்ந்தவன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் 1989-இல் வந்த பழைய சாம்பல் நிறக் கேம்பாய். அதற்குள் லிட்டில் சவுண்ட் டிஜே என்ற பாட்டு எழுதும் மென்பொருள் ஏற்றிய கேசட். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி எழுதியது, 2000 வாக்கில் தொடங்கி இன்றும் பலர் புழங்குவது. மறுபக்கம் ஃபர்னஸ் என்ற ட்ராக்கர். இலவசம், திறந்த மூல நிரல், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேம்பாய் சில்லு மட்டுமல்ல, ஃபாமிகாம், கமடோர் 64, சேகா என்று பல பழைய விளையாட்டுக் கருவிகள், கணினிகளின் ஒலிச் சில்லுகளைக் கணினிக்குள் அப்படியே நடிக்க வைக்கும்.

ஒலியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டிலும் அதே நான்கு குரல்கள்தான்: இரண்டு சதுர அலை, 32 படிகளில் நாமே வரைந்துகொள்ளும் ஓர் அலை, ஓர் இரைச்சல். உண்மைக் கருவியில் அடியில் மெல்லிய சீறல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அதுதான் உயிர். எங்கள் வீட்டுச் சிறிய ஸ்பீக்கரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டபோது, கண்ணை மூடிக் கேட்ட ஐந்து பேரில் மூன்று பேர் தவறாகச் சொன்னார்கள். பெரிய அரங்கில், பெரிய ஸ்பீக்கரில் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே கேம்பாய்க்காரர்கள் சொல்வதை நம்புங்கள்.

என் கணக்கை முடித்து வைத்தது பராமரிப்பு. அதிலும் ஒரே ஒரு பொருள், சட்டைப் பொத்தான் அளவிலான பேட்டரி.

கேம்பாயை ஓட்டும் நான்கு பென்சில் பேட்டரிகளை நான் சொல்லவில்லை. கேசட்டுக்குள் இன்னொரு பேட்டரி உண்டு, தட்டையாக, நாணயம்போல. நாம் எழுதும் பாட்டெல்லாம் 128 கிலோபைட் கொண்ட ஒரு நினைவுச் சில்லில் தங்குகிறது. மின்சாரம் இருக்கும்வரைதான் அந்தச் சில்லுக்கு ஞாபகம். கேம்பாயை அணைத்த பிறகு அதற்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் ஊட்டுவது அந்தப் பொத்தான்தான். சமவெளியில் அது வருடக்கணக்கில் உழைக்கும் என்கிறார்கள். எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் துவைத்த துணி மூன்று நாள் கொடியில் தொங்கும், தோல் செருப்பில் வெண்பூஞ்சை பூக்கும், கேமரா லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படரும். கேசட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரியைப் பலகையோடு இணைக்கும் தகட்டில் வெள்ளையும் பச்சையுமாகத் துரு ஏறியிருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கவில்லை. இணைப்பு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். சில்லுக்கு அந்த ஒரு நொடி போதும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பேட்டரியை முன்கூட்டியே மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றுவதற்காகக் கழற்றினாலே பாட்டெல்லாம் போய்விடும். முதலில் அவற்றைக் கணினிக்கு இறக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். பிறகு ஈயம் பற்றவைத்துப் புதிய பேட்டரியைப் பொருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். நான் அந்தக் கருவியை வாங்குவதை "அடுத்த மாதம்" என்று தள்ளிக்கொண்டே வந்தவன். தவறு கருவியுடையது பாதி, என்னுடையது பாதி.

இதோடு முடியவில்லை. கேசட்டின் செப்புப் பற்கள் மங்கினால் கேம்பாய் கேசட்டையே அடையாளம் காணாது. இயக்கியவுடன் நிறுவனச் சின்னம் மேலிருந்து இறங்குமே, அதன் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டை இறங்கி அப்படியே நின்றுவிடும். கேசட்டிலுள்ள சின்னத்தைத் தன்னிடமுள்ள சின்னத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அது மேலே போகும். டிவி கேம் காலத்தில் நாமெல்லாம் கேசட்டை வாயால் ஊதிப் போட்டு வளர்ந்தவர்கள். கை தானாகவே வாய்க்குப் போகும். ஊதாதீர்கள், அது ஈரத்தின்மேல் இன்னும் ஈரம். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதே வழி. மழைக்காலத்தில் நான் அதை வாரம் ஒருமுறை செய்துகொண்டிருந்தேன். ஒலியளவுச் சக்கரம் கரகரப்பது தனிக் கதை.

ஃபர்னஸில் பராமரிப்பு என்றால் கோப்பை இரண்டு இடத்தில் சேமிப்பது. அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

பகிர்வதும் இதே பேட்டரியில்தான் வந்து முட்டுகிறது. குன்னூர், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரி என்று நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். கேம்பாயில் செய்ததை மற்றவருக்குக் கொடுப்பது என்றால் பெரும்பாலும் ஒலிப்பதிவைக் கொடுப்பதுதான். கேட்கலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்க முடியாது. ட்ராக்கர் கோப்பு என்பது சமைத்த சாப்பாட்டோடு சமையல் குறிப்பையும் சேர்த்துக் கொடுப்பது. திறந்தால் நான்கு குரல்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது தெரியும், எந்த வரியில் எந்தக் கட்டளை என்று தெரியும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்பட அளவுகூட வராத கோப்பு. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போய்ச் சேரும்.

என் பதினோரு பாட்டில் ஒன்று பிழைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலின் மூச்சு வாங்கலை இரைச்சல் குரலில் பிடித்திருந்தேன். கேம்பாயின் இரைச்சலுக்கு இரண்டு நிலைகள் உண்டு. நீண்ட நிலையில் நீராவிபோல் உஸ்ஸென்று வரும். குறுகிய நிலையில் 127 படிகளுக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்புவதால் உலோகத்தைத் தட்டுவதுபோல் வரும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் நீராவியும் பல்சக்கரமும் கிடைத்துவிடும். "அண்ணா, இதை எப்படிச் செய்தீர்கள், எனக்கு வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்த கோத்தகிரித் தம்பி, தன் கருவியைக் கொண்டுவந்து அந்த ஒரு பாட்டை மட்டும் இறக்கிக்கொண்டு போயிருந்தான். அவன் திருப்பித் தந்ததுதான் இன்று என்னிடம் இருப்பது.

தாளத்தில் சிறிய வசதி ஒன்று. லிட்டில் சவுண்ட் டிஜேயில் ஒரு துண்டுக்கு 16 வரிகள். ஆதி தாளத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டிலும் 14 வரியோடு தாவும்படி ஹெச் கட்டளை போட வேண்டும், நான்கு குரலுக்கும் தனித்தனியாக. ஃபர்னஸில் நீளத்தை 28 (இரண்டு பதினான்கு) என்று ஒரே இடத்தில் மாற்றினால் முடிந்தது.

கேம்பாய்க்கு நியாயமாகச் சேர வேண்டிய புகழும் உண்டு. மரம் விழுந்து மின்சாரம் போனால் எங்கள் தெருவில் அன்றைக்கு வராது. என் பழைய மடிக்கணினி முக்கால் மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும். கேம்பாயோ நான்கு பென்சில் பேட்டரியில் ஏறக்குறைய 15 மணி நேரம் பாடும். ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் எழுதியவைதான் என் நல்ல பாட்டுகள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மறுப்பதற்கில்லை. ஒரு நேரத்தில் ஒரு குரலின் 16 வரிகள்தான் கண்ணுக்குத் தெரியும் என்ற நெருக்கடி மனத்தை வேறு விதமாக வேலை செய்ய வைக்கிறது.

பேட்டரியே தேவைப்படாத நினைவுச் சில்லோடு புதிய கேசட்டுகள் வந்திருக்கின்றன. நான் வாங்கிப் பார்க்கவில்லை. அவை எங்கள் மழையைத் தாங்கினால் இந்தக் கட்டுரையின் பாதி வலு போய்விடும். ஃபாமிட்ராக்கர் என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதியது, ஃபாமிகாம் ஒலியைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவருக்குப் போதும். நான் ஒரு மாதத்துக்குமேல் அதில் இருந்ததில்லை.

கேம்பாயை விற்றுவிட்டாயா என்று கேட்கிறார்கள். விற்கவில்லை. பேட்டரிகளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு போட்டு, ஊறுகாய் ஜாடியில் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். மாசி பிறந்து வெயில் வந்ததும் எடுப்பேன். பஸ்ஸில் எழுதி, வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே ஃபர்னஸில் கையால் பெயர்த்து எழுதிவிடுவதாக உத்தேசம்.