துதுஜேலா மையம்: முதல் 72 மணி நேரத்தில் என்ன கிடைக்கிறது, எங்கே சறுக்குகிறது

சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை. பிரசவத்துக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழர்கள் நடையாய் நடக்கும் இந்த இரண்டு இடங்களிலும் துதுஜேலா மையம் இருக்கிறது. துதுஜேலா என்றால் கோசா மொழியில் ஆறுதல். வல்லுறவுக்கு ஆளானவருக்கு மருத்துவம், தடயச் சேகரிப்பு, ஆலோசனை, வழக்கு உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று 2000-இல் கேப் டவுனின் மானென்பெர்க்கில் தொடங்கிய ஏற்பாடு இது. அரசு வழக்குத் துறையின் தலைமையில் இன்று நாடு முழுக்க 60-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. எங்கள் கணிப்பில் இது இந்த நாட்டின் நல்ல பொதுச் சேவைகளில் ஒன்று. ஆனால் அதன் பலன் முழுதாகக் கிடைப்பது, வீட்டில் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ." ஆயா, அதாவது பாட்டி, பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தத் தண்ணீரோடு தடயமும் போய்விடும். குளிக்க வேண்டாம், வாய் கொப்பளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். முடிந்தால் சிறுநீர் கழிப்பதையும் தள்ளிப்போடுங்கள். மயக்க மருந்து கொடுத்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீர்தான் முக்கியமான மாதிரி. உடை மாற்றியாகிவிட்டது என்றால் பழைய உடையை ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஏற்கெனவே குளித்திருந்தாலும் கட்டாயம் போங்கள். தடயம் குறையலாமே தவிர, மருந்தின் தேவை குறையாது.

காவல் நிலையத்துக்கு முதலில் போக வேண்டியதில்லை. பாலியல் குற்றங்கள் பற்றிய 2007-இன் 32-ஆம் எண் சட்டப்படி, 72 மணி நேரத்துக்குள் அரசு குறித்திருக்கும் மருத்துவமனையில் தெரிவித்தாலே எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இலவசம். புகார் கொடுப்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

பரிசோதனை ஒப்புதலோடு தொடங்கும். எந்தக் கட்டத்தையும் வேண்டாம் என்று மறுக்கலாம், அதற்காகச் சிகிச்சை நிற்காது. வாய்வழி வன்கொடுமை என்றால் வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பதுதான் முதல் வேலை. அது முடிந்ததும் தண்ணீரும் முதல் மாத்திரையும். இந்த வரிசை தெரிந்தவர்கள் பணியில் இருந்தால் தாகத்தோடு காக்கவைக்க மாட்டார்கள். பிறகு தரையில் விரித்த காகிதத்தின் மேல் நின்று உடை களைதல், நக இடுக்கு, தோலில் கடித்த இடம், கடைசியில் பிறப்புறுப்பு. உள்ளே பார்க்கும் கருவியைத் தண்ணீரால் மட்டுமே நனைக்க வேண்டும், வழுவழுப்புக் களிம்பு மாதிரியைக் கெடுக்கும்.

எடுத்த மாதிரிகளை வைக்கும் தடயப் பெட்டியில் தவறு நேர்வது சின்ன இடங்களில்தான். குச்சிகளை அறை வெப்பத்திலேயே உலரவிட வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு உறைக்குள் திணித்தால் ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவது பூஞ்சைதான். உறையை நாக்கால் நக்கி ஒட்டக்கூடாது, ஒட்டுபவரின் எச்சிலும் டி.என்.ஏ.தான். முத்திரையிட்ட பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்ற பதிவில் ஓர் இடைவெளி விழுந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார்.

நீதிமன்றத்துக்காக நிரப்பும் மருத்துவப் படிவமான ஜே88-இல் காயங்களைக் கடிகார முள் நிலையில் குறிப்பார்கள்: 6 மணி நிலையில் கிழிசல், இத்தனை மில்லிமீட்டர் என்று. வழக்கு விசாரணைக்கு வர வருடக்கணக்கில் ஆகலாம். அப்போது கிறுக்கலான கையெழுத்தும் காலிக் கட்டங்களும் எழுதியவரையே திணறடிக்கும். பிறப்புறுப்பில் காயம் இல்லாதிருப்பது சாதாரணம், அது வன்கொடுமை நடக்கவில்லை என்பதற்குச் சான்றல்ல. இதைப் படிவத்தில் எழுதிவைக்கும் மருத்துவரோ தடயவியல் செவிலியரோ கிடைப்பது பெரிய உதவி. பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனைக்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் இல்லை. யாராவது முயன்றால் மறுத்துவிடுங்கள்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தினம் ஒரு மாத்திரை, 28 நாள். டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். மூன்று நாளுக்கு மட்டும் கொடுத்து "திரும்ப வாங்க" என்று அனுப்பினால் பலர் திரும்புவதில்லை. 28 நாளுக்கும் சேர்த்தே கேளுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், 5 நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எடை 80 கிலோவுக்கு மேல் என்றால் இரட்டை அளவு. பால்வினை நோய்களுக்கு ஓர் ஊசியும் ஒரே வேளை மாத்திரைகளும், கூடவே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. எச்.ஐ.வி. சோதனை அன்றைக்கு, 6 வாரத்தில், 3 மாதத்தில்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லா மையங்களும் 24 மணி நேரம் இயங்குவதில்லை. நடுராத்திரியில் போனால் அவசரப் பிரிவில் விபத்துக் கேஸ்களுக்கு நடுவே உட்கார நேரும். அங்கே சத்தமாகக் காரணம் கேட்பார்கள் என்ற பயத்திலேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. "துதுஜேலா" என்ற ஒரு சொல் போதும், அதற்கு மேல் கவுண்டரில் விளக்க வேண்டியதில்லை. ஆய்வகத் தேக்கம் இன்னொன்று: 2021-இல் நிலுவையிலிருந்த டி.என்.ஏ. மாதிரிகள் 2 லட்சத்தைத் தாண்டின. மையம் தன் வேலையைச் சரியாக முடித்தும் அறிக்கைக்காக வழக்கு காத்துக் கிடக்கும்.

போகும்போது மாற்றுடையும் செருப்பும் கொண்டுபோங்கள், போட்டிருப்பதை அங்கேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். கன்றிய இடம் முதல் நாள் தெரியாமல் ஓரிரு நாளில் கருநீலமாக எழும்பலாம். அப்படி வந்தால் மறுபடி போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த மையம் திறந்திருக்கிறது என்று கேட்க 0800 428 428, எந்த நேரமும் இலவசம்.