ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கி எட்டு மாதம்: பத்துக்குப் பத்து அறையில் அம்மாவின் பாட்டு

அம்மாவுக்குத் தெரிந்த நலங்குப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் நல்ல ஒலியில் பதிந்து வைக்க வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். முதலில் போனில் பதிந்து பார்த்தோம். பாட்டு கேட்கிறது, ஆனால் குரலில் இருக்கும் அந்த லேசான நடுக்கமும், வரிக்கும் வரிக்கும் நடுவில் இழுக்கும் மூச்சும் தேய்ந்து போயிருந்தன. எனக்கு அவைதான் வேண்டும். அதனால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குக் கொண்டுபோகும் பெட்டி; நான்காம் தலைமுறை, 2023இல் வந்தது) ஒன்றும், ஷூர் எஸ்எம்58 மைக் ஒன்றும் வாங்கினேன். பெட்டி இருபதாயிரத்தை ஒட்டி, மைக் பத்தாயிரம் அளவில். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியறை பத்தடிக்குப் பத்தடி, டைல்ஸ் தரை, ஒரு கட்டில், ஒரு ஸ்டீல் பீரோ. எட்டு மாதம் அங்கே வைத்துப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

இதற்கு முன்பு மைக், ஸ்டாண்ட், பஞ்சு மூடி எல்லாம் சேர்த்து மலிவாக வரும் கன்டென்சர் (சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை மைக்) கிட் ஒன்றையும் வாங்கியிருந்தேன், பெயர் வேண்டாம். அதில் பாட்டை விட இரைச்சல் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மனம் தளர்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். சத்தமே இல்லாத இடத்தில் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) நன்றாக ஏற்றினாலும் சீறல் தொந்தரவாக இல்லை, இதுதான் முதலில் பிடித்தது. மைக்குக்கு 69 டெசிபெல் வரை கெயின் தருகிறது. முந்தைய தலைமுறையில் இது 56தான். எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கில் (கன்டென்சரை விடத் தாழ்வான ஒலி தரும் வகை) மெதுவாகத் தாலாட்டுப் பாடும் குரலைப் பிடிக்க இந்தக் கூடுதல் கெயின் உண்மையிலேயே தேவைப்படுகிறது, நடுவில் தனியாக பூஸ்டர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கெயின் திருகைச் சுற்றி ஒரு விளக்கு வளையம் இருக்கிறது. பச்சை என்றால் சரி, ஆரஞ்சு என்றால் விளிம்பு, சிவப்பு என்றால் ஒலி உடைகிறது. முதல் நாள் அம்மா நலங்குப் பாட்டைக் கொஞ்சம் உற்சாகமாக எடுத்ததும் வளையம் சிவந்தது, உடனே பாட்டை நிறுத்திவிட்டு, "சிவப்பா எரியுதே, நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனாடா?" என்றாள். இப்போதெல்லாம் பெட்டியை அவள் பார்வையில் படாமல் என் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

ஆட்டோ கெயின் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டுப் பத்து விநாடி பாடினால் தானே அளவை வைத்துக்கொள்ளும். நல்ல வசதிதான், ஆனால் சோதனைக்குப் பாடச் சொன்னால் யாராக இருந்தாலும் பாதிக் குரலில்தான் பாடுகிறார்கள், நிஜமாகப் பாடும்போது எழும்பிவிடுகிறார்கள். அதனால் அது வைத்த அளவிலிருந்து ஒரு 6 டெசிபெல் குறைத்துக்கொள்கிறேன். 24 பிட்டில் (ஒலி அளவை நுணுக்கமாகக் குறிக்கும் முறையில்) பதியும்போது கொஞ்சம் தாழ்வாகப் பதிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கிளிப் சேஃப் என்ற இன்னொரு வசதி, ஒலி உடையப் போகிறது என்றால் கெயினைத் தானே இறக்கும். பேச்சுப் பதிவுக்கு அருமை. பாட்டுக்கு நடுவில் அளவு மாறுவது எனக்கு ஒத்துவராது, அணைத்தே வைத்திருக்கிறேன். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்று அட்டையில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், 48 போதும், ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு எட்டரை எம்பிதான் ஆகும்.

யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஒரு வாரம் ஹம் சத்தம் வந்து படுத்தியது. கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால் எங்கள் மாடியில் எர்த் சரியாக இல்லை, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. லேப்டாப் உலோகத்தில் கை பட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மைக் விஷயத்தில் ஒன்று. டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை எடுக்காது என்று பலரும் சொல்கிறார்கள், அது பாதி உண்மை. அதை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பயன்படுத்துகிறோம், முக்கியமான காரணம் அதுதான். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டரிலிருந்து 10 ஆகும்போது குரல் கிட்டத்தட்ட 12 டெசிபெல் ஏறுகிறது, தெருவில் போகும் ஆட்டோ அதே அளவில்தான் நிற்கிறது. பக்கத்தில் போனால் அடிக்குரல் தடிக்கும், பிறகு மென்பொருளில் அடியைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் சரியாகிவிடும். நல்ல கன்டென்சர் மைக்கில் நுணுக்கம் கூடுதலாகக் கிடைக்கும், மறுக்கவில்லை, ஆனால் அதற்கு அமைதியான அறை வேண்டும்.

அறைதான் பெரிய விஷயம். பெட்டியும் மைக்கும் வாங்கிய மகிழ்ச்சியில் நானே முதலில் ஒரு பாட்டுப் பாடிப் பதிந்தேன். என் சுருதி ஒரு கட்டை. மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்தாயியில்) தைவதம், நிஷாதம் பக்கம் இறங்கினால் மட்டும் குடத்துக்குள் பாடுவது போல அறை கூடவே முழங்கியது. காரணம் எளிது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவில் சுமார் 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 113 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி நிற்கும். ஒரு கட்டையில் மந்திர சதுசுருதி தைவதம் 110 ஹெர்ட்ஸ், கைசிகி நிஷாதம் 116, இரண்டுக்கும் நடுவில் அறை உட்கார்ந்திருக்கிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரட்டை அடி. இதை எந்த விலை இன்டர்ஃபேஸும் சரிசெய்யாது.

செய்தது இதுதான். அறை நடுவில் நிற்பதை விட்டு, இரண்டு சுவர்களிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி நின்றேன். அதிலேயே முழக்கம் பெரிதும் அடங்கியது. பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை மூலையில் நிமிர்த்தி வைத்தேன். தரையில் கனமான பவானி ஜமக்காளம். பீரோக் கதவைத் திறந்து வைத்தால் உள்ளே அடுக்கிய புடவைகள் நன்றாகவே ஒலியை உறிஞ்சுகின்றன. இன்னொரு மெத்தை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். பலரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டுகிறார்கள், ஆனால் இந்த மைக் பாடுபவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. முட்டை அட்டை ஒட்டாதீர்கள், பயனே இல்லை. ஓர் அங்குல ஃபோம் கைதட்டலின் எதிரொலியைக் குறைக்கும், மூன்று மீட்டர் அலைநீளம் உள்ள அடிக்குரலை ஒன்றும் செய்யாது. மொத்தச் செலவு ஜமக்காளத்துக்கு மட்டும்தான் ஆனது, வித்தியாசமோ மைக் மாற்றியதை விடப் பெரிது.

அப்புறம் நேரம். ஃபேனை அணைத்து, இரவு பதினொன்றுக்கு மேல்தான் பதிகிறோம். ஆடி மாதம் முழுக்கப் பதிவே இல்லை, தெருவில் அம்மன் கோயில் ஸ்பீக்கர்.

மென்பொருளாகப் பெட்டியோடு ஏபிள்டன் லைவ் லைட் வருகிறது. எனக்கு ரீப்பர் கைக்குப் பழகியது, 60 நாள் சோதனைக்குப் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

குறைகளும் உண்டு. மைக் துளைகள் பின்பக்கம் இருக்கின்றன, கேபிளை அடிக்கடி மாற்றுபவருக்குச் சிரமம். மிடி துளை (மின் கீபோர்டு போன்றவற்றை இணைப்பது) இல்லை. ஹெட்போனுக்கு ஒரே ஒரு ஜாக். மைக் இன்புட் இரண்டுதான் என்பதால், மிருதங்கத்தின் இரண்டு பக்கத்தையும் குரலையும் தனித்தனியாக ஒரே நேரத்தில் பதிய முடியாது. இதே வரிசையில் பெரியதான 4ஐ4 வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அதிலும் மைக் இன்புட் இரண்டுதான், மற்றவை லைன் இன்புட், அதாவது மைக் அல்லாத கருவிகளுக்கானவை. ஒருவர் மட்டும் பாடப் போகிறார், பணமும் இறுக்கம் என்றால் இதே வரிசையில் சிறியதான சோலோ போதும். ஆட்டோ கெயினும் கிளிப் சேஃபும் அதில் கிடையாது, இல்லாமலும் சமாளிக்கலாம்.

நான் இரண்டு இன்புட் உள்ளதை எடுத்தது பெரியம்மாவுக்காக. நலங்குப் பாட்டில் பெண் வீட்டுக்கு ஒருவர், பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்று மாறி மாறிப் பாடுவார்கள், அம்மாவும் அவளும் அப்படித்தான் எத்தனையோ கல்யாணங்களில் பாடியிருக்கிறார்கள். இதுவரை 23 பாட்டு ஆகியிருக்கிறது, எல்லாம் அம்மா தனியாகப் பாடியவை. அடுத்த மாதம் பெரியம்மா வருகிறாள், இன்னொரு எஸ்எம்58 சொல்லி வைத்திருக்கிறேன், பரணில் இன்னும் ஒரு மெத்தை இருக்கிறது.