சாட்சிக்கு அநியாயம் நடந்தால் கொழும்பா, வவுனியாவா?

ஒட்டுசுட்டான் பக்கத்து அக்கா ஒருவர், சாட்சி சொல்ல வரும்படி கோட்டிலிருந்து வந்த அழைப்பாணையைப் பொலித்தீன் பைக்குள் மடித்துக்கொண்டு வந்தார். பொலிஸில் அவருடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். அதற்குப் பிறகு எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், ஆட்கள் படலையடிக்கு வந்து, 'கோட்டுப் பக்கம் வராதை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இது இரண்டும் வேறு வேறு வழக்கு. ஒரே கதவைத் தட்டிப் பயனில்லை.

கையெழுத்து விஷயத்துக்கு அடிப்படை உரிமை மனு போடலாம். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை மொழியுரிமை மீறலையும் சேர்த்தே சொல்கிறது, நட்டஈடும் கிடைக்கலாம். ஆனால் அரச அதிகாரிகள் செய்ததற்கு மட்டும்தான், அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள், கொழும்பில் இருக்கிற, நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில். இரண்டு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று அதே உறுப்புரையில் இருக்கிறது, நடப்பில் வருடக்கணக்காக இழுபடும். பஸ் காசு, சட்டத்தரணி காசு எல்லாம் தனி.

மனித உரிமைகள் ஆணைக்குழு என்றால் வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அவர்களின் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான், ஆனாலும் நான் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். ஏனென்றால் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் மனுவுக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது, ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சும்மா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, விசாரணை நடக்கிறது என்பதைக் காட்ட எழுத்தில் ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

சரி, படலையடிக்கு வந்தவர்கள்? அவர்கள் அரச ஆட்கள் இல்லையே, 126 அங்கே செல்லாது. அதற்குச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2015இல் வந்து 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக எழுதப்பட்டது. சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம், பாதுகாப்புக் கேட்கலாம், வேறோர் இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் வழி உண்டு. கடைசியில் பாதுகாப்புக்கு வருவது பொலிஸ்தான். மிரட்டினதே பொலிஸ் என்றால் இந்த வழியை நம்பி நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

அக்கா திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வவுனியா போனார். முறைப்பாட்டு இலக்கத்தை அழைப்பாணையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி வந்திருக்கிறார். மிரட்டலுக்கான முறைப்பாட்டை இன்னும் கொடுக்கவில்லை, மகன் வேண்டாம் என்கிறானாம்.