லாக்ட்மெட்: பாலூட்டும் காலத்தில் மூலிகைகளைச் சரிபார்க்க ஒரு தரவுத்தளம்

பால் நன்றாக ஊற வேண்டும் என்று உறவினர் ஒருவர் அன்போடு தந்த மூலிகைத் தேநீர்ப் பெட்டியின் அடிப்புறத்தில், படிக்கவே முடியாத பொடி எழுத்தில், ஏழு செடிகளின் பெயர்கள் இருந்தன. ஆறு வாரக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடியபோதுதான் லாக்ட்மெட் எனக்கு அறிமுகமானது.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2006 முதல் இலவசமாக வழங்கிவரும் தரவுத்தளம் இது. தாய் உட்கொள்ளும் பொருள் பாலில் எவ்வளவு கலக்கிறது, குழந்தையிடம் என்ன விளைவுகள் பதிவாகியுள்ளன, பால் சுரப்பு கூடுமா குறையுமா என்பவற்றை ஒவ்வொரு பக்கமும் ஒரே வரிசையில் விளக்குகிறது. மருந்துகளுக்குக் கையாளும் அதே கண்டிப்பை மூலிகைகளிடமும் காட்டுவதே இதன் பெரும் சிறப்பு என்பேன்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது பெருஞ்சீரகம் பற்றிய பக்கம். பெருஞ்சீரகமும் அதைப் போன்ற அனீஸ் என்னும் விதையும் உள்ளிட்ட பல செடிகள் கலந்த மூலிகைத் தேநீரை நாள்தோறும் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்த இரு தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள் வாந்தி எடுத்து, துவண்டு, பால் உறிஞ்சவும் வலுவின்றிப் போன நிகழ்வு அதில் பதிவாகியிருக்கிறது; தாய்மார் தேநீரை நிறுத்திய பின் குழந்தைகள் தேறிவிட்டன. சமையலில் சேரும் ஒரு சிட்டிகையும் குடம் குடமாகக் குடிக்கும் கஷாயமும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெட்டியிலோ, விரும்பிய அளவு பருகலாம் என்று அச்சிட்டிருந்தார்கள்.

வெந்தயப் பக்கமும் பயனுள்ளது. வெந்தயத்தால் குழந்தையின் சிறுநீரில் பாகு போன்ற இனிப்பு வாசனை வரக்கூடும் என்பதால், அதே வாசனையைத் தரும் ஒரு பரம்பரை நோய் இருப்பதாக மருத்துவரே ஐயுற நேரலாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். சேஜ் என்னும் சமையல் மூலிகையின் இலை பாலைக் குறைக்கக்கூடும் என்பதையும், மனச்சோர்வுக்கு எடுத்துக்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும் என்பதையும் பாலூட்டும் தாய்மார் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. தளம் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தமிழில் ஒரே பெயர் இரண்டு மூன்று செடிகளுக்கு வழங்குவதால், தாவரவியல் பெயரைக் கண்டுபிடிக்காமல் தேடினால் வேறொரு செடியின் பக்கத்துக்குப் போய்விட வாய்ப்புண்டு. பல செடிகள் கலந்த தயாரிப்பை முழுதாகத் தேடவும் வழியில்லை. ஒவ்வொரு சேர்மானத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். மூலிகைப் பக்கங்கள் பலவற்றில் போதிய தரவு இல்லை என்ற வரியே பதிலாகக் கிடைத்தபோது முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் யாரும் ஆராயாத ஒன்றைத் தீங்கற்றது என்று சொல்லாமல், ஆராயப்படவில்லை என்றே சொல்வதுதான் நேர்மை; பெட்டியின் மேலுறையில் அந்த நேர்மை இல்லை.

என் ஏழு செடிகளில் இரண்டுக்குப் பக்கமே இல்லை. கிடைத்த ஐந்து பக்கங்களையும் அச்செடுத்து, அந்தப் பெட்டியோடு, தாய்ப்பால் ஆலோசகரிடம் கொண்டுபோனேன். அவர் தேநீரை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, குழந்தை மார்பைப் பற்றும் விதத்தைத் திருத்தி, இன்னும் அடிக்கடி பாலூட்டச் சொன்னார். அடுத்த வாரம் எடை பார்த்தபோது குழந்தையின் எடை கூடியிருந்தது.