‘த டெர்மினல்’: ஸ்ராம்புக்காகக் காத்திருந்த சனம் கட்டாயம் பாக்க வேண்டிய படம்

2004 இல வந்த ‘த டெர்மினல்’ படத்தை இன்னும் பாக்காத ஆக்கள் இருந்தா முதல் அதைத் தேடிப் பாத்திட்டு வந்து இதை வாசியுங்கோ, ஏனெண்டா கதையைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிக் கதைக்க ஏலாது, நான் முடிவு வரைக்கும் சொல்லப்போறன். ஸ்பீல்பேர்க்கின்ர படம் எண்டோன்ன சனம் டைனோசர், சுறா, யுத்தம் எண்டுதான் நினைக்கும். இதில அப்பிடி ஒண்டுமில்லை. ஒரு மனுசன் ஒரு எயார்போட்டுக்குள்ள ஒன்பது மாசம் இருக்கிறார், அவ்வளவுதான் கதை. ஆனா பாஸ்போட், விசா, அகதிக் கேஸ், ஸ்ராம்ப், கிளியரன்ஸ் எண்டே வாழ்க்கையில பாதியைக் கழிச்ச எங்கட சனத்துக்கு இவ்வளவு கிட்ட வந்த ஹொலிவூட் படம் வேற ஒண்டை நான் பாக்கேல்ல.

கதை இதுதான். விக்டர் நவோர்ஸ்கி எண்டு ஒரு ஆள், கிரக்கோசியா எண்ட நாட்டில இருந்து (அப்பிடி ஒரு நாடு இல்லை, படத்துக்காக உண்டாக்கினது) நியூயோர்க் கென்னடி எயார்போட்டில வந்து இறங்கிறார். அவர் பிளேனில வாற நேரத்துக்குள்ள ஊரில ஆட்சியைக் கவிழ்த்துப் போட்டினம், புது ஆட்சியை அமெரிக்கா ஏற்கேல்ல, அதால அவற்ற பாஸ்போட்டுக்கும் பெறுமதியில்லை, விசாவும் செல்லாது. உள்ளுக்க விடவும் ஏலாது, திருப்பி அனுப்பவும் ஏலாது. எயார்போட் அதிகாரி டிக்சன், சாப்பாட்டுக் கூப்பனும் ஒரு பேஜரும் ரெலிபோன் காட்டும் குடுத்து, டெர்மினலுக்குள்ள எங்கயும் நிக்கலாம் ஆனா அந்தக் கதவைத் தாண்டி வெளியில போகக் கூடாது எண்டு சொல்லி விடுறார்.

இதைச் சொல்லுற விதத்திலயே ஸ்பீல்பேர்க் ஆரெண்டு தெரியும். டிக்சன் ஒரு சிப்ஸ் பக்கற்றை மேசையில வச்சு இதுதான் உன்ர நாடு எண்டுறார், கையில இருந்த அப்பிளைக் காட்டி இதுதான் கிளர்ச்சிக்காரர் எண்டு சொல்லிப்போட்டு அப்பிளால பக்கற்றில ஒரு அடி, சிப்ஸ் எல்லாம் சிதறுது. விக்டருக்கு இங்கிலிஸ் விளங்காது, தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறார். பாக்கிற எங்களுக்குச் சிரிப்பு வருது. அடுத்த கொஞ்ச நேரத்தில அவர் வெளியில வந்து ரிவியில தன்ர ஊரை எரியிற நிலையில பாக்கிறார். செய்தி வாசிக்கிறது விளங்கேல்ல, கீழ ஓடுற எழுத்தும் விளங்கேல்ல, படம் மட்டும் விளங்குது, ஒரு ரிவியில செய்தி மாறினோன்ன அடுத்த ரிவிக்கு ஓடுறார், அங்கயும் மாற மேல ஏறி இன்னொண்டுக்கு ஓடுறார், ஆற்றையாவது கையைப் பிடிச்சு என்ன நடக்குது எண்டு கேக்கிறார், ஆருக்கும் நேரமில்லை. 2009 இல வன்னியில கடைசி யுத்தம் நடக்கேக்க ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருந்த எங்கட உறவுகள் இரவிரவா ரிவியையும் இன்ரர்நெற்றையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு இருந்ததைக் கேள்விப்பட்ட ஆருக்கும் இந்த இடத்தில தொண்டை அடைக்கும். விக்டரா வாற ரொம் ஹாங்ஸ் இந்தக் காட்சியில பெரிசா வசனம் இல்லாமல் நடிச்சிருக்கிறார், அவர் வாங்கின ஒஸ்காரெல்லாம் வேற படங்களுக்கு, ஆனா எனக்கு அவரிட்ட ஆகப் பிடிச்ச அஞ்சு நிமிசம் இதுதான்.

பிறகு அந்த மனுசன் அங்க சீவிக்கப் பழகிறார். கூப்பன் எல்லாம் குப்பையோட போட்டுது. பிஸ்கற்றுக்கு நடுவில கெச்சப்பும் கடுகுச் சோசும் வச்சுச் சாப்பிடுறார். பயணிகள் விட்டிட்டுப் போற தள்ளுவண்டிலைக் கொண்டு போய் அடைச்சா 25 சதம் திரும்ப வருது எண்டு கண்டுபிடிச்சு, அந்தச் சில்லறையைச் சேத்து பேர்கர் வாங்கிச் சாப்பிடுறார். 67ஆம் கேற்றில கதிரையளைச் சேத்துப் போட்டுப் படுக்கிறார். ஒரே நியூயோர்க் கைட் புத்தகத்தைத் தன்ர பாசையிலயும் இங்கிலிசிலயும் பக்கத்தில பக்கத்தில வச்சு ஒவ்வொரு சொல்லாப் பொருத்திப் பாத்து இங்கிலிஸ் படிக்கிறார். எங்கட ஆக்கள் ஜேர்மனியிலயும் சுவிசிலயும் அகதிக் காம்பில இருந்து டொச் படிச்சது இப்பிடித்தானே!

ஒவ்வொரு நாளும் காலமை லைனில நிண்டு பச்சைப் போமை நிரப்பிக் குடுப்பார், டொரெஸ் எண்ட இமிகிரேசன் பெட்டை ஏலாது எண்டு சிவப்பு ஸ்ராம்பை எடுத்துக் குத்துவா. அடுத்த நாளும் நிப்பார். உங்களிட்ட ரெண்டு ஸ்ராம்ப் இருக்கு, ஒண்டு பச்சை ஒண்டு சிவப்பு, அப்ப எனக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கு எண்ட மாதிரி ஒரு கணக்குச் சொல்லுவார். 2006 ஓகஸ்டில ஏ9 பாதையைப் பூட்டினாப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட ஆமியின்ர கிளியரன்ஸ் எடுத்து, கப்பலுக்கோ பலாலிப் பிளேனுக்கோ பேர் பதிஞ்சு, விடியப்புறமே போய் நிண்ட சனம் இஞ்ச எவ்வளவு பேர். இண்டைக்கு இல்லை நாளைக்கு வா எண்டு சொல்லுவினம், அடுத்த நாளும் அயன் பண்ணின சேட்டைப் போட்டுக்கொண்டு போய் நிப்பினம். விக்டரும் அப்பிடித்தான், எயார்போட் பாத்ரூமில முகம் வழிச்சுத் தலை இழுத்து மரியாதையான ஆளா வந்து நிக்கிறார். கெஞ்சேல்ல, கத்தேல்ல. கெஞ்சிறதுக்கும் கேக்கிறதுக்கும் இடையில என்ன வித்தியாசம் எண்டதை இந்தப் படம் வடிவாப் பிடிச்சிருக்கு.

இப்ப நான் கட்டாயம் சொல்ல வேண்டிய இடத்துக்கு வாறன். டிக்சனுக்கு விக்டரைத் தன்ர தலையில இருந்து இறக்க வேணும். ஒருநாள் கூப்பிட்டு, நான் ஒரு கேள்வி கேப்பன், அதுக்குச் சரியான மறுமொழி சொன்னா இண்டைக்கே வெளியில போகலாம் எண்டு சொல்லிப்போட்டு, உன்ர நாட்டுக்குத் திரும்பிப் போகப் பயமா எண்டு கேக்கிறார். ஓம் எண்டா அசைலம் கேஸ், ஆள் நியூயோர்க்குக்குள்ள போயிடலாம். விக்டர் யோசிச்சுப் போட்டு, இல்லை, கிரக்கோசியாவுக்கு எனக்குப் பயமில்லை, அது என்ர வீடு எண்டுறார். டிக்சன் விடாமல் எதுக்காவது பயப்பிடுவாய்தானே எண்டு நெருக்க, பேய்க்குப் பயம், டிராகுலாவுக்குப் பயம், சுறாவுக்குப் பயம் எண்டு அடுக்கிறார். தியேட்டரில எல்லாரும் சிரிக்கிற இடம். எங்கட வீட்டில அம்மாவும் சிரிச்சவ, பிறகு மெல்லமா, ‘பாவம், ஓமெண்டு சொல்லியிருக்கலாம்’ எண்டா. கேஸ் எழுதிக் குடுத்து, இன்ரவியூவில என்ன சொல்ல வேணும் எண்டு பாடமாக்கி, மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்தில நடுங்கிக்கொண்டு இருந்த அண்ணை தம்பியளைப் பெத்த தாய் வேற எதைச் சொல்லுவா. எங்கட ஆக்களுக்கு அந்தப் பயம் மெய்யாவே இருந்தது, சொல்லத்தான் வேணும், சொன்னதில ஒரு பிழையும் இல்லை. ஆனா உயிருக்குப் பயந்து ஓடி வந்தவனும் தன்ர ஊரை வெறுக்கேல்ல எண்டதை அந்தக் கேள்வித் தாளில எழுத ஒரு இடமும் இல்லை. விக்டர் சொல்லுற மறுமொழி அந்தத் தாளில இல்லாத மறுமொழி. இந்த ஒரு காட்சிக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பாப்பன்.

அடுத்தது மருந்துக் காட்சி. தகப்பனுக்கு எண்டு மருந்துப் போத்தலுகள் கொண்டு வந்த ஒருத்தரைக் கடிதம் இல்லை எண்டு மறிச்சுப் பறிக்கப் பாக்க, ஆள் கத்தியைத் தூக்கிறார், பாசை விளங்கிற விக்டரைக் கூப்பிடுகினம். மிருகத்துக்கான மருந்துக்குக் கடிதம் தேவையில்லை எண்டு விக்டருக்குத் தெரியும், உடன இது தகப்பனுக்கில்லை, ஆட்டுக்கு எண்டு மாத்திச் சொல்லி அந்த மனுசனைக் காப்பாத்திறார். பட்டரிக்கும் சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் தடை இருந்த 1990களை இஞ்ச கண்ட ஆக்களுக்கு இந்தக் காட்சி எங்க போய்த் தைக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

குப்தா எண்ட கிழவரை மறக்க ஏலாது. இந்தியாவில பொலிஸ்காரனைக் குத்திப்போட்டு ஓடி வந்து அமெரிக்காவில நிலம் துடைக்கிற ஆள், ஈரத்தில சனம் வழுக்கி விழுறதைப் பாக்கிறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. நடிச்சவர் குமார் பல்லானா, 1918 இல இந்தோரில பிறந்தவர், மெய்யாவே மேடையில தட்டுச் சுழட்டிற வித்தைக்காரர், படத்திலயும் விக்டரின்ர இரவுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில தட்டுச் சுழட்டிக் காட்டுறார், அப்ப வயசு 80ஐத் தாண்டீட்டுது. கடைசியில தனக்கு என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டே மொப்பையும் தூக்கிக்கொண்டு ஓடுபாதையில போய், விக்டரை ஊருக்குத் திருப்பிக் கொண்டு போக இருந்த ஒரு பெரிய பிளேனுக்கு முன்னால நிக்கிறார். கூட்டாளிக்காக ஒரு வயசு போன தொழிலாளி செய்யிற அந்தக் காரியத்துக்கு நான் எழும்பி நிண்டு கை தட்டினனான்.

விக்டர் ஏன் நியூயோர்க் வந்தவர் எண்டதைக் கனநேரம் சொல்லாமல் வச்சிருக்கிறது நல்ல வேலை. கையில ஒரு கச்சான் ரின், அதுக்குள்ள என்ன எண்டு எல்லாருக்கும் சந்தேகம். 1958 இல ஹார்லெமில 57 ஜாஸ் கலைஞரைச் சேத்து ஆர்ட் கேன் எடுத்த ஒரு போட்டோ இருக்கு, மெய்யான போட்டோ. விக்டரின்ர தகப்பன் அதைப் பேப்பரில பாத்திட்டு ஒவ்வொருத்தருக்கும் கடிதம் எழுதி எழுதிக் கையெழுத்துச் சேத்தவர், ஒரேயொரு ஆள் மிச்சம், சாக்ஸபோன்காரர் பெனி கோல்சன். தகப்பன் செத்துப் போனார், மகன் குடுத்த வாக்கை நிறைவேத்த வந்திருக்கிறார். கோல்சன் தானே தானா வந்து வாசிக்கிறார் படத்தில.

குறையும் சொல்ல வேணும். கத்தரின் சீட்டா ஜோன்ஸ் வாற காதல் கதை எனக்கு ஒட்டேல்ல. அமீலியா எண்ட விமானப் பணிப்பெண், கலியாணம் கட்டின ஒருத்தனோட இழுபட்டுக்கொண்டு திரியிறா, நெப்போலியன் கதை கதைக்கிறா, விக்டர் அவவுக்காகத் தண்ணித் தாரை கட்டுறார், எல்லாம் வடிவாத்தான் இருக்கு ஆனா அந்த நேரத்தை குப்தாவுக்கும் டொரெசுக்கும் குடுத்திருந்தா படம் இன்னும் எங்கயோ போயிருக்கும். கடைப் பேருகளும் அளவுக்கு மிஞ்சிக் கண்ணில குத்துது. பாம்டேல் எண்ட இடத்தில ஒரு பெரிய ஹாங்கருக்குள்ள எஸ்கலேற்றர் ஓடுற முழு டெர்மினலையே கட்டி, மெய்யான கொம்பனிகளின்ர கடைகளை வச்சுத்தான் எடுத்தவை, அதால அங்கங்க விளம்பரம் பாக்கிற மாதிரி வருது. ஆனா டிக்சனை வெறும் வில்லனாக் காட்டாதது நல்லது, ஸ்ரான்லி ருச்சி அதைச் சரியா நடிச்சிருக்கிறார், சட்டப் புத்தகத்தில என்ன இருக்கோ அதுதான் அவருக்கு உலகம், எங்கட கந்தோர்களிலயும் அப்பிடி ஆக்கள் இருக்கினம், கெட்டவை இல்லை, ஆனா அவையிட்ட மாட்டுப்பட்டா துலைஞ்சம்.

படம் இனிப்பா முடியுது எண்டு குறை சொல்லுற ஆக்களும் இருக்கினம். அவைக்கு மெஹ்ரான் கரிமி நசேரியின்ர கதையைச் சொல்லுறன். ஈரானில பிறந்தவர், பரிஸ் சார்ள் து கோல் எயார்போட்டின்ர முதலாம் டெர்மினலில 1988 தொடக்கம் 2006 வரை இருந்தவர், இந்தப் படத்துக்கான யோசினை கொஞ்சம் அவரிட்ட இருந்துதான் வந்தது. 1999 இல பிரான்ஸ் பேப்பர் குடுத்தும் அவர் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டிட்டார். 2022 நவம்பரில திரும்ப அதே எயார்போட்டில வந்திருந்து அங்கயே செத்துப் போனார். காத்திருந்து காத்திருந்தே ஒரு மனுசன் உடைஞ்ச கதை அது. ஸ்பீல்பேர்க் எடுத்தது உடையாத ஒரு மனுசன்ர கதை, ரெண்டும் உலகத்தில நடக்கிறதுதான், எனக்கு ரெண்டும் வேணும்.

ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். சின்னப் பிள்ளையளோடயும் இருந்து பாக்கலாம், கூச்சப்படுற மாதிரிக் காட்சி ஒண்டுமில்லை. இங்கிலிஸ் பெரிசா விளங்காட்டியும் பரவாயில்லை, விக்டருக்கும் விளங்கேல்லத்தானே, அரைவாசிப் படம் முகத்தாலயும் கையாலயும்தான் நடக்குது. சப்டைட்டில் மட்டும் போட்டு விடுங்கோ, ஜோன் வில்லியம்ஸின்ர கிளாரினெற் இசையைக் கேக்கிற அளவுக்குச் சத்தத்தையும் கூட்டி வையுங்கோ. வெளிநாட்டில கேஸ் அடிச்சு வருசக் கணக்கா இருந்த ஆரும் லீவில வந்து நிண்டா அவையையும் கூப்பிட்டு இருத்துங்கோ, அந்தச் சிவப்பு ஸ்ராம்ப் குத்துற இடத்தில அவை தங்கட கதையைத் தாங்களாச் சொல்லத் தொடங்குவினம், படத்தை நிப்பாட்டி வச்சுக் கேளுங்கோ.